சுட்டும் முகவரியும்

நுழையும்முன்

தொழிற்சாலைகளில் பொறிகளை இயக்கவும் நிறுத்தவும் வல்ல சிறுகணினி, நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்தி ஆகும். பி.எல்.சி. என்னும் சுருக்கப் பெயரே தொழிலகங்களில் வழங்குகிறது. பொறிக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான எண்களை அது எங்கே வைத்துக்கொள்கிறது? வேண்டியபோது வேண்டிய எண்ணை எவ்வாறு தேடி எடுக்கிறது? தேடும் இடம் தவறினால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இப்பாடத்தின் நோக்கம்.

ரிலேயிலிருந்து நிரலுக்கு

அறுபதுகளின் இறுதி வரை, பெரிய தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகள் ரிலே எனப்படும் மின்காந்த இணைப்பிகளால் நிறைந்திருந்தன. ஒரு பொறி இன்ன வரிசையில் இயங்க வேண்டும் என்பதை அந்த ரிலேகளை இணைக்கும் கம்பிகளே தீர்மானித்தன. உற்பத்தி செய்யும் பொருள் மாறினால் கம்பிகளையும் மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் புதிய வகை மகிழுந்துகளைச் செய்துவந்த அமெரிக்க நிறுவனங்களுக்கு அது பெருஞ்செலவாகவும் நீண்டநாள் வேலையாகவும் இருந்தது.

1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரமாட்டிக் பிரிவு, கம்பிகளை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றிப் பயன்படுத்தத்தக்க ஒரு கருவியைக் கேட்டது. அதே காலத்தில் டிக் மோர்லியும் அவருடைய தோழர்களும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்னும் அமைப்பில் அத்தகைய கருவியொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அவ்வமைப்பின் 84-ஆம் திட்டமாக அமைந்தமையால் அக்கருவி 'மோடிகான் 084' எனப் பெயர் பெற்றது. மின்பணியாளர்களுக்குப் பழக்கமான ரிலே வரைபடத்தைப் போலவே அதன் நிரலும் அமைந்தது. இருபுறமும் நெடுங்கோடுகளும் இடையே படிகளும் கொண்டு விளங்கியதால் அது ஏணி வரைபடம் எனப்பட்டது.

பி.எல்.சி. இயங்கும் முறை எளிது. முதலில் உணரிகளும் பொத்தான்களும் தரும் உள்ளீடுகளைப் படிக்கும். பின்னர் நிரலை மேலிருந்து கீழாக நிறைவேற்றும். இறுதியில் மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் உரிய வெளியீடுகளை அனுப்பும். முடிந்தவுடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இந்த ஒரு சுற்று 'ஸ்கேன்' எனப்படும். பெரும்பாலும் சில மில்லிநொடிகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். இந்த விரைவைப் பின்னர் வரும் செய்திகளுக்காக நினைவில் கொள்ள வேண்டும்.

பதிவகம் என்னும் இழுப்பறை

நாட்டுமருந்துக் கடைகளின் சுவரை மறைத்து நிற்கும் சிறிய இழுப்பறைகளைப் பலரும் பார்த்திருப்பர். ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருள் இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஓர் அடையாளம் இருக்கும். பி.எல்.சி.யின் நினைவகமும் அத்தகையதே. அதன் ஒவ்வோர் இழுப்பறையும் பதிவகம் எனப்படும். அறையின் அடையாள எண் முகவரி எனப்படும். அறைக்குள் இருப்பது மதிப்பு எனப்படும். முகவரி வேறு, மதிப்பு வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு இப்பாடத்தின் பாதி விளங்கிவிடும்.

பல நிறுவனங்கள் பி.எல்.சி.க்களைச் செய்கின்றன. இப்பாடத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெயரிடும் முறை எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'சுட்டுப் பதிவகம்', 'கோப்புப் பதிவகம்' என்னும் இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டு வழங்குவது அம்முறையாகும்.

அம்முறையில் 'டி' என்னும் எழுத்தால் தொடங்குபவை தரவுப் பதிவகங்கள். எஃப்.எக்ஸ்.3யு என்னும் வகையில் டி0 முதல் டி7999 வரை 8000 தரவுப் பதிவகங்கள் உள்ளன. ஒரு பதிவகம் 16 பிட் அளவுடையது. ஆகவே அதில் −32768 முதல் 32767 வரையுள்ள ஏதேனும் ஒரு முழு எண்ணை வைக்கலாம். அதனினும் பெரிய எண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு பதிவகங்கள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளப்படும்.

'டி100-இல் உள்ள மதிப்பை டி200-க்கு நகர்த்து' என்பது ஒரு கட்டளை. இதில் எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் நிரல் எழுதும்போதே முடிவாகிவிடுகின்றன. பொறி ஆயிரம் முறை இயங்கினாலும் அக்கட்டளை டி100 என்னும் அறையை மட்டுமே திறக்கும். இதனை நேர்முகவரி முறை என்பர்.

சுட்டு என்னும் கருத்து

'மதுரை' என்னும் சொல் யார் கூறினும் ஓர் ஊரையே குறிக்கும். 'அவ்வூர்' என்னும் சொல் அத்தகையது அன்று; கூறுபவர் எதை மனத்திற்கொண்டு சுட்டுகிறாரோ அதற்கேற்பப் பொருள் மாறும். சொல் மாறாமல் சுட்டப்படும் பொருள் மட்டும் மாறுகிறது. அகரமும் இகரமும் சொல்லின் முன்நின்று இவ்வாறு பொருளைச் சுட்டுவதைத் தமிழ் இலக்கணம் சுட்டு எனக் கூறுகிறது. பி.எல்.சி. நிரலில் இப்பணியைச் செய்வதே சுட்டுப் பதிவகம்.

மிட்சுபிஷி முறையில் 'இசட்', 'வி' என்னும் எழுத்துகள் சுட்டுப் பதிவகங்களைக் குறிக்கின்றன. எஃப்.எக்ஸ். வகையில் இசட்0 முதல் இசட்7 வரையும் வி0 முதல் வி7 வரையும் மொத்தம் 16 உள்ளன. 'டி100இசட்0' என எழுதினால் அதன் பொருள், 100 என்னும் எண்ணோடு இசட்0-இல் உள்ள மதிப்பைக் கூட்டக் கிடைக்கும் முகவரி என்பதாகும். இசட்0-இல் 0 இருந்தால் அது டி100-ஐக் குறிக்கும். 5 இருந்தால் டி105-ஐக் குறிக்கும். −3 இருந்தால் டி97-ஐக் குறிக்கும். நிரலில் எழுதப்பட்ட கட்டளை ஒன்றே. அது திறக்கும் அறை மட்டும் மாறுகிறது.

உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றின் முகவரிகளையும் இவ்வாறு சுட்டலாம். ஆயின் எஃப்.எக்ஸ். வகையில் அவை எட்டடிமான எண்களால் குறிக்கப்படுகின்றன. எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10 ஆகும். ஆகவே சுட்டுப் பதிவகத்தில் 8 என்னும் மதிப்பு இருக்கும்போது எக்ஸ்0 என்பது எக்ஸ்8 ஆகாது, எக்ஸ்10 ஆகும். இதனை அறியாதவர் தவறான உணரியைப் படித்துக்கொண்டிருப்பர்.

தெரிந்து தெளிவோம்

சுட்டுப் பதிவகம் பி.எல்.சி.யைவிட மூத்தது. கணினியின் தொடக்கக் காலத்தில், அடுத்தடுத்த அறைகளில் உள்ள எண்களைக் கூட்ட வேண்டுமானால், நிரல் தன் கட்டளைகளில் உள்ள முகவரியைத் தானே திருத்தி எழுதிக்கொள்ள நேர்ந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இயங்கிய மார்க் 1 கணினி இந்நிலையை மாற்றியது. முகவரியோடு கூட்டப்பட வேண்டிய எண்ணைத் தனியே வைக்க அதில் ஓர் இடம் அமைக்கப்பட்டது. 'ஏ' என்னும் எழுத்து கூட்டற்பதிவகத்துக்கும் 'சி' என்னும் எழுத்து கட்டுப்பாட்டுக்கும் வழங்கியதால் புதிய இடத்துக்கு 'பி' என்னும் பெயர் அமைந்தது. அதுவே இன்றைய சுட்டுப் பதிவகத்தின் முன்னோடி.

கோப்புப் பதிவகம்

தரவுப் பதிவகங்கள் அன்றாட வேலைக்கு உரியவை. நிரல் அவற்றில் எண்களை இடும், மாற்றும், அழிக்கும். எஃப்.எக்ஸ்.3யு வகையில் டி0 முதல் டி199 வரையுள்ள பொதுப்பதிவகங்கள், மின்சாரம் நின்றால் தம் மதிப்பை இழந்து சுழியாகிவிடும். அவை சமையல் மேடையைப் போன்றவை. வேலை முடிந்தால் மேடை துடைக்கப்படும். ஆனால் நாள்தோறும் வேண்டிய சமையல் குறிப்புகளை மேடைமீது எழுதிவைப்பார் இலர். அவற்றுக்குத் தனிச்சுவடி வேண்டும். அச்சுவடியே கோப்புப் பதிவகம்.

'ஆர்' என்னும் எழுத்து அதனைக் குறிக்கிறது. எஃப்.எக்ஸ்.3யு வகையில் ஆர்0 முதல் ஆர்32767 வரை 32,768 பதிவகங்கள் உள்ளன. அவற்றின் மதிப்புகள் மின்கலத்தின் துணையால் காக்கப்படுகின்றன. இதற்கு முந்தைய எஃப்.எக்ஸ்.2என் வகையில் டி1000 முதல் டி7999 வரையுள்ள பகுதியிலிருந்து, 500 பதிவகங்கள் கொண்ட தொகுதிகளாக வேண்டிய அளவைக் கோப்புப் பதிவகமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய அமைப்புகளுக்குரிய கியூ வரிசையில் 32,768 பதிவகங்கள் ஒரு தொகுதியாகக் கொள்ளப்படுகின்றன. அங்கே தொகுதியை மாற்றி மாற்றியும் படிக்கலாம், 'இசட்.ஆர்.' என்னும் தொடர் எண் முறையால் தொகுதி எல்லையைக் கருதாமலும் படிக்கலாம்.

கோப்புப் பதிவகம் பெரிய அறை வரிசை. சுட்டுப் பதிவகம் அவ்வரிசையில் வேண்டிய இடத்தைக் காட்டும் விரல். இரண்டும் இணையும்போதுதான் இவற்றின் பயன் முழுமையாக வெளிப்படுகிறது.

ஒரு தொழிற்சாலைக் காட்சி

ஒரு ரொட்டித் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அங்கே 30 வகை பிஸ்கட்டுகள் செய்யப்படுகின்றன எனக் கொள்வோம். ஒவ்வொரு வகைக்கும் பத்து எண்கள் தேவை. அடுப்பின் மூன்று பகுதிகளுக்குரிய வெப்பநிலைகள், கடத்துபட்டையின் வேகம், மாவு, சர்க்கரை, கொழுப்பு, நீர் ஆகியவற்றின் அளவுகள், பிசையும் நேரம், பொதியின் எடை என்பன அவை. மொத்தம் 300 எண்கள்.

இவை ஆர்0 முதல் ஆர்299 வரை வரிசையாக வைக்கப்படுகின்றன. முதல் வகைக்கு ஆர்0 முதல் ஆர்9 வரை. இரண்டாம் வகைக்கு ஆர்10 முதல் ஆர்19 வரை. ஏழாம் வகைக்கு ஆர்60 முதல் ஆர்69 வரை. முப்பதாம் வகைக்கு ஆர்290 முதல் ஆர்299 வரை. பணியாளர் திரையில் ஒரு வகை எண்ணை இடுகிறார். அது டி50-க்கு வருகிறது. அதற்குரிய பத்து எண்களும் டி100 முதல் டி109 வரையுள்ள வேலைப் பகுதிக்கு வர வேண்டும்.

நேர்முகவரி முறையில் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நகர்த்தினால் 300 கட்டளைகள் எழுத வேண்டும். 31-ஆம் வகை சேர்ந்தால் மேலும் 10 கட்டளைகள் வேண்டும். சுட்டு முறையில் நான்கே படிகள் போதும்.

முதற்படி: டி50-இல் உள்ள வகை எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தல்.
இரண்டாம் படி: வந்த விடையை 10-ஆல் பெருக்குதல்.
மூன்றாம் படி: பெருக்கலின் விடையை இசட்0-இல் இடுதல்.
நான்காம் படி: ஆர்0இசட்0 தொடங்கிப் பத்துப் பதிவகங்களை டி100 தொடங்கும் இடத்துக்கு மொத்தமாக நகர்த்துதல். இதற்கு 'பி.மூவ்' என்னும் தொகுதி நகர்த்தல் கட்டளை உள்ளது.

பணியாளர் 7 என இட்டால், 7−1=6; 6×10=60. இசட்0 60 ஆகிறது. ஆர்0இசட்0 என்பது ஆர்60 ஆகிறது. ஏழாம் வகையின் பத்து எண்களும் வேலைப் பகுதிக்கு வந்து சேர்கின்றன. வகைகள் 30 ஆயினும் 300 ஆயினும் இப்படிகள் மாறுவதில்லை. குறிப்புகளின் எண்ணிக்கை கூடினால் கோப்புப் பதிவகம் நீளும், நிரல் நீளாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் விடை 32 பிட் அளவுடையதாக அமையும். விடையை டி52-இல் வைக்குமாறு கூறினால் அது டி52, டி53 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளும். டி53-இல் வேறு மதிப்பை வைத்திருந்தால் அது அழிந்துவிடும்.

கோப்புப் பதிவகத்திலிருந்து நேரே படிக்காமல் வேலைப் பகுதிக்கு நகர்த்துவது ஏன் என்னும் ஐயம் எழலாம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது பணியாளர் திரையில் வேறொரு வகை எண்ணைத் தொட்டுவிட்டால், நேரே படிக்கும் நிரலில் அந்நொடியே வெப்பநிலையும் வேகமும் மாறிவிடும். பொறி நின்றிருக்கும்போது மட்டும் நகர்த்தல் நிகழுமாறு நிரலை அமைத்தால் இவ்விடர் நேராது.

எல்லையைக் காத்தல்

சுட்டு முறையின் ஆற்றலே அதன் இடர்ப்பாடும் ஆகும். நேர்முகவரிக் கட்டளை எப்போதும் ஓர் அறையையே திறக்கும். சுட்டுக் கட்டளை எந்த அறையையும் திறக்கும். சுட்டுப் பதிவகத்தில் உள்ள எண் சரியானதா என்று அது கேட்பதில்லை.

மேற்கண்ட தொழிற்சாலையில் ஆர்300 முதல் ஆர்323 வரையுள்ள 24 பதிவகங்களில், மணிக்கு எத்தனை பொதிகள் ஆயின என்னும் கணக்கு வைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். பணியாளர் 30 என இடுவதற்குப் பதிலாக 31 என இட்டுவிடுகிறார். 31−1=30; 30×10=300. பி.எல்.சி. ஆர்300 தொடங்கிப் பத்து எண்களை எடுத்து வேலைப் பகுதியில் வைக்கிறது. ஆர்300-இல் 412 பொதிகள் என்னும் கணக்கு இருந்தால், அடுப்பின் முதற்பகுதிக்கு 412 என்னும் எண் வெப்பநிலையாகப் போய்ச் சேர்கிறது. 220 டிகிரியில் வேக வேண்டிய அடுப்பு 412 டிகிரியை நோக்கி எரியத் தொடங்குகிறது. ஆர்300 என்பது உண்மையாகவே உள்ள பதிவகம். ஆதலால் பி.எல்.சி. எந்தப் பிழையையும் அறிவிப்பதில்லை. அது அறிந்தது அறையின் எண்ணை மட்டுமே; அறையில் இருப்பது வெப்பநிலையா, பொதிக்கணக்கா என்பதை அது அறியாது.

பணியாளர் 0 என இட்டால் நிலைமை வேறு. 0−1=−1; −1×10=−10. ஆர்−10 என ஒரு பதிவகமே இல்லை. எஃப்.எக்ஸ். வகையில் அக்கட்டளை நிறைவேறாது, பிழைக்குறி எழும். ஆயினும் வேலைப் பகுதியில் முன்னர் இருந்த குறிப்பு அப்படியே இருக்கும். பிழைக்குறியை யாரும் கவனியாவிட்டால், திரை ஒரு வகையைக் காட்ட, அடுப்பு வேறொரு வகைக்குரிய குறிப்பின்படி இயங்கிக்கொண்டிருக்கும்.

இவ்விரு பிழைகளையும் தடுக்கும் வழி எளியது. டி50-இல் உள்ள எண் 1-க்குக் குறையாமலும் 30-க்கு மிகாமலும் உள்ளதா என்பதை முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இருந்தால் மட்டும் அடுத்த படிகள் நிகழ வேண்டும். இல்லையெனில் எச்சரிக்கை விளக்கு எரிந்து பொறி தொடங்காமல் நிற்க வேண்டும். நகர்த்தி முடித்த பின்னர், வேலைப் பகுதியில் உள்ள வெப்பநிலை அடுப்புக்கு ஏற்ற எல்லைக்குள் உள்ளதா என்று மீண்டும் ஒருமுறை பார்ப்பது இன்னும் நன்று. இவற்றுக்கு அப்பால், வெப்பம் அளவை மீறினால் எரிபொருளைத் துண்டிக்கும் தனிக்கருவி ஒன்று நிரலின் துணையின்றியே இயங்குமாறு அமைக்கப்படல் வேண்டும். ஓர் எழுத்துப்பிழையின் விளைவு அடுப்பருகே நிற்கும் மனிதரைச் சென்றடையாமல் காப்பதே இவ்வடுக்குகளின் பயன்.

எல்லைப்பிழை பணியாளரால் மட்டும் வருவதன்று. நிரல் எழுதுபவராலும் வரும். மணிக்கணக்கைப் பதிவதற்கு ஆர்300இசட்1 என்னும் சுட்டு முகவரி பயன்படுகிறது. ஒவ்வொரு மணிக்கும் கணக்கை எழுதிய பின் இசட்1-இன் மதிப்பு ஒன்று கூட்டப்படுகிறது. 24 பதிவகங்களும் நிறைந்தபின் இசட்1 மீண்டும் 0 ஆக வேண்டும். 'இசட்1 24 ஆனால் 0 ஆக்கு' என்பதே சரியான விதி. ஒருவர் 'இசட்1 24-ஐவிட மிகுந்தால் 0 ஆக்கு' என எழுதிவிட்டால், 25-ஆவது பதிவு ஆர்324-இல் போய் விழும். அங்கே நிறுவைக் கருவியின் திருத்த எண் இருந்தால் அது அழியும். முதல்நாள் முழுவதும் சோதித்தாலும் இப்பிழை தென்படாது. 25-ஆம் மணியில்தான் அது வெளிப்படும்; அதன்பின்னும் 25 மணிக்கு ஒருமுறையே நிகழும். ஆகவே, எல்லையின் கடைசி எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் வேண்டுமென்றே இட்டுச் சோதிப்பது நிரலாளரின் கடமையாகிறது.

அரை நொடியில் ஐம்பது முறை

நிரல் இடைவிடாமல் மீண்டும் மீண்டும் நிறைவேறுவது என்பதை முன்னரே கண்டோம். பொத்தானை அழுத்தினால் சுட்டுப் பதிவகத்தின் மதிப்பு ஒன்று கூட வேண்டும் எனக் கொள்வோம். 'இன்க்' என்னும் கூட்டற்கட்டளை, நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் நிறைவேறும். ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி ஆகும் எனில், அரை நொடி அழுத்திய விரலுக்குச் சுட்டு 50 இடங்கள் நகர்ந்துவிடும். இதனைத் தவிர்க்க, பொத்தான் அழுத்தப்படும் அந்தக் கணத்தில் ஒருமுறை மட்டும் நிறைவேறும் 'இன்க்பி' கட்டளை பயன்படுகிறது.

வேறு சிலவிடங்களில், ஒரே சுற்றுக்குள் பலமுறை நிறைவேற வேண்டியிருக்கும். 24 மணிக்கணக்கையும் கூட்டி ஒருநாள் கணக்கைப் பெறுவது அத்தகையது. 'ஃபார்', 'நெக்ஸ்ட்' என்னும் இரு கட்டளைகளுக்கு இடையே கூட்டற்கட்டளையை வைத்து, ஒவ்வொரு முறையும் சுட்டை ஒன்று நகர்த்தினால் 24 எண்களும் ஒரே சுற்றில் கூட்டப்படும். சுழற்சி தொடங்குமுன் சுட்டையும் கூட்டுத்தொகையையும் சுழியாக்க மறத்தல் கூடாது. சுழற்சி மிக நீண்டால் சுற்று நேரமும் நீளும். அந்நேரம் வரம்பை மீறினால் காவல் நேரங்காட்டி பி.எல்.சி.யை நிறுத்திவிடும். எஃப்.எக்ஸ். வகையில் அவ்வரம்பு தொடக்கத்தில் 200 மில்லிநொடியாக அமைக்கப்பட்டுள்ளது.

இரண்டு பதிவகங்களை ஒன்றாகக் கொள்ளும் 32 பிட் எண்களை வரிசையாகப் படிக்கும்போது சுட்டை ஒன்று ஒன்றாக நகர்த்துதல் தவறு. இரண்டு இரண்டாக நகர்த்துதல் வேண்டும். இல்லையெனில் ஓர் எண்ணின் பின்பாதியும் அடுத்த எண்ணின் முன்பாதியும் சேர்ந்து பொருளற்ற மூன்றாவது எண் தோன்றும்.

ஒரே சுட்டுப் பதிவகத்தை நிரலின் பல இடங்களில் பயன்படுத்தும்போதும் கவனம் வேண்டும். ஓரிடத்தில் இட்ட மதிப்பு மற்றோரிடத்தில் எஞ்சி நிற்கும். ஆகவே பயன்படுத்தும் கட்டளைக்கு உடனே முன்னதாகச் சுட்டுக்கு மதிப்பிடுவது நல்ல வழக்கம். முதன்மை நிரல் ஓடும்போது இடையில் புகுந்து நிறைவேறும் குறுக்கீட்டு நிரலும் அதே சுட்டை மாற்றக்கூடும். அந்நிலையில் பழைய மதிப்புகளைச் சேமித்துவைத்து மீட்டுத்தர 'இசட்புஷ்', 'இசட்பாப்' என்னும் கட்டளைகள் உள்ளன.

பிற நிறுவனங்களின் முறை

பெயர்கள் வேறுபடினும் கருத்து ஒன்றே. ஆலன்-பிராட்லி எஸ்.எல்.சி. 500 வகையில் நினைவகமே கோப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. முழு எண்களுக்கு என்7, நேரங்காட்டிகளுக்கு டி4, எண்ணிகளுக்கு சி5 எனக் கோப்புகள் அமைந்துள்ளன. முகவரியின் முன் ஒரு குறியிட்டால், எஸ்:24 என்னும் நிலைப்பதிவகத்தில் உள்ள எண் அம்முகவரியோடு கூட்டப்படும். சீமென்ஸ் எஸ்7-300, எஸ்7-400 வகைகளில் ஏ.ஆர்.1, ஏ.ஆர்.2 என்னும் இரு முகவரிப் பதிவகங்கள் இப்பணியைச் செய்கின்றன.

1993-இல் முதன்முதலாக வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 என்னும் பன்னாட்டுத் தரம், பி.எல்.சி. மொழிகளுக்குப் பொதுவிதிகளை வகுத்தது. அதன்வழி வரிசை என்னும் அமைப்பும் பரவலாயிற்று. இன்று பல பி.எல்.சி.க்களில் ஆர்60 என்னும் எண்முகவரிக்கு மாற்றாக, 'குறிப்பு[7].வெப்பநிலை' என்பதுபோல் பெயரிட்டே எழுதலாம். கண்ட்ரோல்லாஜிக்ஸ் போன்ற வகைகளில் வரிசையின் எல்லைக்கு அப்பாற்பட்ட இடத்தைச் சுட்டினால், கட்டுப்படுத்தி அதனைப் பெரும்பிழையாக அறிவிக்கும். எனினும் எல்லைக்குள்ளேயே தவறான இடத்தைச் சுட்டும் பிழையை எந்தப் பொறியும் தானே கண்டறிய இயலாது. அதனை மனிதரே காக்க வேண்டும்.

படிப்பவருக்காகவும் எழுதுதல்

தொழிற்சாலையில் நள்ளிரவில் ஒரு பொறி நின்றுவிடுகிறது. பராமரிப்புப் பணியாளர் மடிக்கணினியைப் பி.எல்.சி.யோடு இணைத்து நிரலைத் திறக்கிறார். டி107-இல் தவறான எண் உள்ளது. அதனை அங்கே இட்டது எது என்று தேடுகிறார். டி107 என எழுதப்பட்ட இடங்களை மென்பொருள் பட்டியலிட்டுக் காட்டுகிறது. அப்பட்டியலில் விடை இல்லை. ஏனெனில் அவ்வெண்ணை இட்ட கட்டளையில் 'டி107' என்னும் சொல் இல்லை. 'டி100இசட்2' என்றே எழுதப்பட்டுள்ளது. அந்நேரம் இசட்2-இல் 7 இருந்தது.

சுட்டு முறை எழுதுபவரின் உழைப்பைக் குறைக்கிறது; அதே அளவுக்குப் படிப்பவரின் உழைப்பைக் கூட்டவும் செய்கிறது. ஆகவே சுட்டு முறையைக் கையாளும் நிரலில் சில ஒழுங்குகள் வேண்டும். எந்தப் பதிவகம் முதல் எந்தப் பதிவகம் வரை எதற்கு ஒதுக்கப்பட்டது என்னும் பட்டியல் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சுட்டுக்கட்டளைக்கும் அருகே அது தொடக்கூடிய எல்லை குறிப்பாக எழுதப்படல் வேண்டும். ஒரு பட்டியலுக்கும் அடுத்த பட்டியலுக்கும் இடையே சில பதிவகங்களை வெற்றிடமாக விடுதல் வேண்டும். கோப்புப் பதிவகத்தின் மதிப்புகள் மின்கலத்தை நம்பியிருப்பதால் அவற்றின் படி வேறோர் இடத்திலும் காக்கப்படல் வேண்டும். மூன்றே இடங்களில் பயன்படும் கட்டளைக்குச் சுட்டு முறை தேவையா என்று எண்ணிப் பார்த்தலும் நன்று. சில வேளைகளில் நீண்ட நேரான நிரலே நம்பத்தக்கது.

'அங்கே' என்று கூறுபவர் கையையும் நீட்டிக் காட்டினால்தான் கேட்பவருக்கு இடம் விளங்கும். நிரலில் எழுதப்படும் சுட்டுக்கும் அத்தகைய கைகாட்டுதல் வேண்டும். அதனைச் செய்து வைத்தவரின் நிரலைப் பல ஆண்டுகள் கழித்து, முன்பின் அறியாத ஒருவர், நள்ளிரவில் திறந்தாலும் தடுமாறாமல் படித்துப் பொறியை மீண்டும் இயக்குவார்.

கலைச்சொற்கள்

நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்தி – பி.எல்.சி.
பதிவகம் – ரெஜிஸ்டர்
தரவுப் பதிவகம் – டேட்டா ரெஜிஸ்டர்
சுட்டுப் பதிவகம் – இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்
கோப்புப் பதிவகம் – ஃபைல் ரெஜிஸ்டர்
ஏணி வரைபடம் – லேடர் டயகிராம்
உணரி – சென்சார்
காவல் நேரங்காட்டி – வாட்ச்டாக் டைமர்

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் கூறப்பட்ட தொழிற்சாலையில் 19-ஆம் வகைக்குரிய எண்கள் எந்தக் கோப்புப் பதிவகங்களில் இருக்கும் எனக் கணக்கிட்டு எழுதுக.

2. ஒவ்வொரு வகைக்கும் பத்து எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு எண்கள் தேவைப்பட்டால், நான்கு படிகளில் எவை மாறும்? மணிக்கணக்கு வைத்துள்ள பதிவகங்களுக்கு என்ன நேரும்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. உம் பள்ளி நூலகத்தில் ஒரு நூலை அடுக்கிலிருந்து எடுக்கும் முறையை, முகவரி, மதிப்பு, சுட்டு என்னும் மூன்று சொற்களையும் பயன்படுத்தி ஒரு பத்தியில் விளக்குக.